மூன்று வீட்டில் தேறிய ஆட்டங்கள்

ஒரு விளையாட்டை ஆடிப் பார்ப்பதற்கு முன்னால் அதைச் சுழலும் ஃபேனுக்கு அடியில் வைத்து விசாரணை நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பக்கத்து ஆள் என்பதில் எனக்குப் பெருமை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. கம்பெனி பாஷையில் அந்த வேலைக்கு கியூசி என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. ஞானஸ்நானத்தின்போது சாமியார் என்ன பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றினாரோ, எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வாரத்தில் ஆறு நாள் போல்ட்டில் மரை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஏழாவது நாள் போர்டு கேம்களைப் பார்ப்பார். பார்த்துவிட்டு எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று பட்டியல் போடுவார். அந்த மாதிரிப் பட்டியலை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. பட்டியல் படித்தே கெட்டுப்போனவன் நான்.

போர்டு கேம் என்றால் தாயமும் கேரமும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது ஆடு வளர்க்கிற ஆட்டம், ரயில் பாதை போடுகிற ஆட்டம், தீவைப் பாகம் பிரிக்கிற ஆட்டம் என்று டப்பா டப்பாவாக வருகின்றன. இதில் எது தேவலை என்று சொல்வதற்காகவே ரசிகர்கள் இணையத்தில் ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். சாவதற்குள் ஆட வேண்டிய நூறு என்கிறார் ஒருவர். இந்த வருஷத்தின் தலைசிறந்த ஐம்பது என்கிறார் இன்னொருவர். இந்தப் பட்டியல்காரர்கள் எல்லாருடைய வீட்டிலும் ஏசி இருக்கிறது, எட்டுப் பேர் உட்காரும் மேஜை இருக்கிறது, நாலு மணி நேரம் எழுந்திருக்காத நண்பர்கள் இருக்கிறார்கள். எங்கள் திருமுல்லைவாயில் வீட்டில் இந்த மூன்றும் கிடையாது. அது தெரிந்தும் அவர்களை நம்பி ஆறு டப்பா வாங்கினேன்.

வாங்கியது எனக்காக இல்லை, அப்பாவுக்காக. அப்பா ஆவடியில் லேத்தில் நின்றே தலை நரைத்த டர்னர். கேரமில் அவரை எதிர்த்து உட்கார எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஸ்ட்ரைக்கரைப் பின்பக்கமாகத் தட்டிவிட்டு, காய் குழியில் விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் டீயை எடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் ரிட்டையரான கொஞ்ச நாளில் போர்டை பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். கேட்டால், "இஷ்டமில்லப்பா" என்றார். சாப்பிட்டதும் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் செய்தி கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவரை எங்களோடு மேஜையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை.

ஆறு டப்பாவும் தோற்றன. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது வந்து நின்று பார்ப்பார். சின்னச் சின்ன அட்டைகளையும் கடுகு சைஸ் காய்களையும் பார்த்துவிட்டு, "நீங்க ஆடுங்கப்பா" என்று திரும்பிவிடுவார். ஆறாவது டப்பாவுக்குப் பிறகு என் மனைவி கலா தீர்ப்பு சொன்னாள்.

"பீரோ மேல இடமில்ல. ஏழாவது டப்பா வந்துச்சுன்னா நீங்களும் டப்பாவும் மொட்டை மாடியில படுத்துக்கோங்க."

அந்த வாரம்தான் ஆபீஸ் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பக்கப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தலைப்பைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஃபேனை நிறுத்தாமல் ஆடக்கூடிய ஆட்டங்கள், ரிவிஷன் 5" என்று இருந்தது. நம் ஊரில் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு எவன் ஆடுவான்? இந்தச் சின்ன விஷயம் அந்த நூறுக்கும் ஐம்பதுக்கும் தோன்றவே இல்லை. இதில் எட்டு ஆட்டங்கள் தேறியிருந்தன. பதினான்கு தேறவில்லை. "அட்டை மெலிசு, ஃபேன் மூன்றிலேயே பறக்கிறது" என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருந்தது. கடைசியில் சோதித்த வீடுகள் என்று மூன்று ஊர்கள். அதற்கும் கீழே, வானகரத்தில் ஒரு மாதா கோயில் ஹால், ஞாயிறு மாலை நாலு மணி என்று இருந்தது.

போனேன். மாலை ஆறு மணிக்குப் பாடகர் குழு பயிற்சிக்கு வரும்வரை ஹால் கியூசியின் ராஜ்ஜியம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிபர் இருந்தது. ஒருவர் புத்தம் புது ஆட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கியூசி ஒரு அட்டையை எடுத்து வெர்னியரில் கவ்வினார்.

"ஆடலாமாண்ணே?" என்றார் கொண்டுவந்தவர்.

"ஆடறது இன்னா பெரிய விசயம்? மொதல்ல அட்டை இன்னா கனம் கீதுன்னு பாக்கணும். ஃபேன அஞ்சுல போடு."

போட்டார்கள். அட்டைகள் கிளம்பின. ஒன்று ஜன்னல் வழியே போயே போய்விட்டது. ஒன்று பாடகர் குழுவின் ஆர்மோனியத்துக்குள் புகுந்துகொண்டது. அது தெரியாமல் அடுத்த இரண்டு வாரம் எல்லாப் பாட்டும் கமறிக்கொண்டே வந்ததாகக் கேள்வி. கியூசி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ரிஜெக்ட் என்று குத்தினார். நோட்டில்தான் குத்துவார் என்று நினைத்தேன். டப்பாவிலேயே குத்தினார்.

ஃபேனுக்குத் தப்பியவற்றுக்கு பஜ்ஜி டெஸ்ட். சூடான வாழைக்காய் பஜ்ஜி தின்ற கையோடு நாலு பேர் ஒரு ரவுண்டு ஆட வேண்டும். பிறகு அட்டைகளைக் கலந்து கவிழ்ப்பார்கள். எண்ணெய்க் கறையை வைத்து எந்த அட்டை என்று எவராவது கண்டுபிடித்துவிட்டால் ஆட்டம் அவுட். பல்லாங்குழிதான் பெஸ்ட் என்று பழம்பெருமை பேசிய ஒருவரையும் அவர் விடவில்லை. வாங்கிச் சோதித்துவிட்டு, "முத்து எண்ணுவதில் தகராறு வருகிறது" என்று எழுதினார்.

ஹாலில் தேறினாலும் பட்டியலில் ஏறிவிட முடியாது. மூன்று வீடுகளில் தேற வேண்டும். இது கொஞ்சம் அதிகமில்லையா என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"இன்னா நைனா அதிகம்? கல்யாண ஓலையே கோயில்ல மூணு ஞாயிறு வாசிக்கிறாங்க, யாருக்குனா ஆட்சேபணை கீதான்னு. ஆட்டமும் ஊட்டுக்குள்ள வர்ற சமாச்சாரம்தானே? எத வாங்கக் கூடாதுன்னு சொல்லாத லிஸ்ட்டு லிஸ்ட்டே இல்ல. அது வெளம்பரம்."

அன்றிலிருந்து எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் கழித்துவிட்டவற்றைத் தேடுகிறேன். அந்தப் பகுதி இல்லையென்றால் மேற்கொண்டு படிப்பதில்லை. ஒரு முறைகூட நான் ஏமாந்தது கிடையாது.

கம்பெனியில் வரைபடம் மாறினால் பழைய வரைபடத்தை ஆளைத் தேடிப்போய் வாங்கிக் கிழித்துவிடுவார்களாம். பட்டியலுக்கும் அவர் அதையே செய்தார். "மாமியார் வந்திருக்கும்போது ஆடத் தக்கவை" என்று ஒரு பட்டியல். அதன் ரிவிஷன் இரண்டில், அட்டையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பொய் சொல்கிற ஆட்டம் ஒன்று இருந்தது. மூன்று வீட்டிலும் அமோகமாகத் தேறிய ஆட்டம். மூன்று வீட்டிலும் ஜெயித்தது மாமியார்தான் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. தோற்ற மாமியாரை அவர் சோதிக்கவில்லை. உடனே ரிவிஷன் மூன்று போட்டு அதை எடுத்துவிட்டு, பழைய தாள் யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுத்தார். பூந்தமல்லியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் மட்டும் போனை எடுக்கவில்லை.

கியூசி பஸ் ஏறினார். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு அவர் போய்ச் சேர்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. "அத்தை, நீங்க சொல்றது பொய்" என்று கடைக்கார மாப்பிள்ளை நடுக்கூடத்தில் சொல்லிவிட்டார். ஆட்டத்தின் விதிப்படி அவர் சொன்னது சரி. அந்த அம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கியூசி வழியை மறித்து நின்றார்.

"அம்மா, தப்பு உங்க மாப்ள மேல இல்ல. ரிவிஷன் மேல. பழச வச்சிகினு ஆடிட்டாரு."

ரிவிஷன் என்பவர் யார் என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. ஆனாலும் குற்றவாளி வேறொருவன் என்று தெரிந்ததில் மனசு ஆறி, பெட்டியைக் கீழே வைத்தார். கியூசி ரிவிஷன் இரண்டை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

இவரிடம்தான் என் குறையைச் சொன்னேன். அப்பா மேஜைக்கு வர வேண்டும், ஏழாவது டப்பா தோற்றால் எனக்கு மொட்டை மாடிதான் என்றேன். "ஊட்ட பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது நைனா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மேஜையின் உயரத்தை டேப் வைத்து அளந்தார். ட்யூப் லைட்டை அண்ணாந்து பார்த்தார். ஃபேனை ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பீரோ மேல் இருந்த ஆறு டப்பாவையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் ரிஜெக்ட் குத்தினார். அந்த ஆறு சத்தத்தையும் கலா கச்சேரி மாதிரி ரசித்தாள். பிறகு அப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்தபடி லேத், மரை என்று ஒரு மணி நேரம் பேசினார். எழுந்தார், கிளம்பினார். ஒரு ஆட்டத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"டீ குடிக்கத்தான் வந்தாரா?" என்றாள் கலா.

அடுத்த ஞாயிறு ஒரு பையோடு வந்தார். ஒரு டப்பா, அதோடு ஒரு சாண் நீளத்தில் நாலு மரச்சட்டம். ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு வெட்டு. அதில் அட்டைகளைச் செருகி எதிரில் நிற்க வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"இன்னாத்துக்குன்னு கேக்காதீங்க. ஃபேனு அஞ்சுல ஓடுது. ஆளுக்கு ஒண்ணு. ஆரும் கைல புடிக்கக் கூடாது, அதான் ரூல்சு."

நான், கலா, எங்கள் மகள் மூவரும் ஆளுக்கொரு சட்டத்தை எடுத்துக்கொண்டோம். இந்தப் பைத்தியம் மரத்தையும் விடவில்லையே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வழக்கம்போல எட்டிப் பார்க்க வந்த அப்பா, "நீங்க ஆடுங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கண் நாலாவது சட்டத்தில் விழுந்துவிட்டது. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த வெட்டை நோக்கினார்.

"யாரு இழைச்சது இது? அரை எம்எம் சாஞ்சிருக்கு."

"நான்தான்யா."

"டூல சரியா செட் பண்ணல நீங்க."

ஊரையெல்லாம் ரிஜெக்ட் செய்தவரை முதல்முறையாக ஒருவர் ரிஜெக்ட் செய்தார். கியூசி வெர்னியரை எடுத்து அளந்தார். சாய்வு சரியாக அரை எம்எம் இருந்தது. ஸ்டாம்பை எடுத்து, தான் செய்த சட்டத்தில் தானே ரிஜெக்ட் குத்தினார்.

"அடுத்த வாரம் சரி பண்ணி எடுத்தாறேன். இன்னிக்கி மட்டும் இத வச்சி ஆடுங்கய்யா."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். டப்பாவில் காய்களாகக் கட்டைவிரல் தடிமனுக்கு மரக் குதிரைகள் இருந்தன. தூக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். ஒரு ரவுண்டு முடியும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு புதுச் சட்டங்கள் வந்தன. அப்பா பார்த்துத் தலையாட்டியதும் அவற்றில் பாஸ் விழுந்தது. அன்றைக்கு எங்கள் மூவரையும் தோற்கடித்துவிட்டு, குதிரை எல்லையைத் தொட்டதைக்கூடப் பார்க்காமல் டீயை எடுத்தார். "இன்னொரு ரவுண்டு போடுங்க" என்றார். கலா சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம் வாட்ஸ்அப்பில் புதுப் பட்டியல் வந்தது. ஃபேன் பட்டியலாக இருக்கும் என்று திறந்தேன். "கையில் எதையும் பிடிக்க வேண்டாத ஆட்டங்கள், ரிவிஷன் 0" என்று தலைப்பு. புரியாமல் போன் செய்தேன்.

"ஐயாவுக்கு கை நடுங்குது நைனா. டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சிகினு குடிக்கிறாரு. நீ பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக எதிரில் உட்கார்ந்து டீ குடித்தவன் பார்க்கவில்லை. ஒரே ஒரு டீ குடிக்க வந்தவர் பார்த்துவிட்டு, அப்பாவுக்கே தெரியாமல் பழியை ஃபேன் மேல் போட்டுவிட்டார். போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவரும் ஏனென்று கேட்காமல் வந்தார்.

கியூசியின் கம்பெனி ஒரகடம் பக்கம் போய்விட்டது. அவரும் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ரிவிஷன்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. அந்த ஒரு பட்டியலை நான் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தேறியது ஒன்றுதான். தேறாதவற்றில் முதல் ஆறும் என்னுடையவை. கடைசியில், சோதித்த வீடுகள் என்ற இடத்தில், மூன்று வீடு பார்க்காமல் எதையும் தேற்றாத அந்த மனிதர் இப்படி எழுதியிருக்கிறார்: திருமுல்லைவாயில், திருமுல்லைவாயில், திருமுல்லைவாயில்.

எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.