ஐஸ் பெட்டிக்கு ஒரு வாழ்த்து

செயலிக்குத் தமிழ் எழுதுகிறவனுக்கு, தன் வாக்கியம் எந்த வீட்டில் போய் வாய் திறக்கும் என்பது கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரிந்தபோது அந்த வீட்டில் பெரியப்பா செத்துக் கிடந்தார்.

அருப்புக்கோட்டையில் ஒரு வாடகைக் கடை. பந்தல், நாற்காலி, பாத்திரம், பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். (எங்கள் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே நாற்காலிதான்.) அந்தக் கடைக்கு எங்கள் கம்பெனி ஜாவாஸ்கிரிப்டில் ஒரு செயலி செய்தது. திரையில் வரும் ஆங்கில வரிகள் ஒரு தனிக் கோப்பில் இருந்தன; அவற்றைத் தமிழாக்குவது என் வேலை. ‘பதிவு முடிந்தது, நன்றி’ என்ற பொருளில் இருந்த வரி எனக்கு மொட்டையாகப் பட்டது. தமிழ்ப் பண்பாட்டைக் காக்க வேறு ஆளில்லை என்ற நினைப்பில், ‘வாழ்த்துகள்! உங்கள் இல்ல விழா இனிதே சிறக்கட்டும்! மீண்டும் வருக!’ என்று எழுதினேன். எதை வாடகைக்கு எடுத்தாலும் கடைசியில் அந்த ஒரே வரிதான் வரும் என்பது மண்டையில் ஏறவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்காக அதைச் சத்தமாக வாசிக்கும் வசதி வேறு.

பெரியப்பா திருச்சுழிப் பக்கம் கடலை போட்டுவிட்டு மழைக்குக் காத்தே வயதானவர். அப்பா இல்லாத என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் மகன், என் அண்ணன், அழுதுகொண்டே செல்லை எடுத்தான்.

“தம்பி செஞ்சதுலயே பெட்டிக்குச் சொல்லிருவோம்.”

அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அண்ணன் பொத்தானை அமுக்கினான். ஒப்பாரிக்கு நடுவே, கல்யாண வீட்டுக் குரலில் ஒரு பெண் வாழ்த்தினாள். ஒப்பாரி நின்றது. சாவு வீட்டில் ‘வாரேன்’ என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகிற சனம் நாங்கள். அங்கே போய் ‘மீண்டும் வருக’.

“ஏலே, எங்கப்பன் சாவு ஒனக்கு விழாவாலே?” என்றான் அண்ணன். “என் கண்ணு முன்னால நிக்காத.”

சொல்லாமல்தான் வெளியேறினேன். சாவு வீடு என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பாடைக்குப் பின்னால் நடக்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லையே என்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் ஒரு வருடம் பேசவில்லை. திவசத்தன்று உள்ளே போகப் பயந்து வாசலில் நின்ற என்னைப் பெரியம்மாதான் பார்த்தார்.

“உள்ள வாலே. நீ என்ன கெட்டதாவா எழுதுன? அம்புட்டுச் சத்தமா ‘மீண்டும் வருக’ன்னு கூப்புட்டும் அவுகதான் வரல.”

முதலில் சிரித்தது அண்ணன். இப்போதும் வீட்டில் யாராவது சொன்ன நேரத்துக்கு வந்து சேரவில்லையென்றால், “தம்பிய விட்டுக் கூப்புடச் சொல்லு” என்பார்கள். எல்லோரும் சிரிப்போம். பெரியம்மா மட்டும் ஒருமுறை வாசலைப் பார்ப்பார்.