திறந்து பார்த்துவிடுகிறவர்

மனிதர்களில் ‘திறந்து பார்த்துவிடுகிறவர்’ என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊரிலும் உண்டு. எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது தேறுவார். வீட்டில் ஒரு பொருள் ஓடாமல் நின்றுவிட்டால் உங்களுக்கும் எனக்கும் முகம் வாடும். இவருக்கு மலரும். “என்ன, ஓடலையா?” என்று கேட்கும் குரலில், சொந்தத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானதைக் கேள்விப்பட்டவரின் உற்சாகம் இருக்கும். மேசைமேல் பழைய செய்தித்தாளை விரிப்பார். சட்டைக் கையை மடக்குவார். “இதுக்குள்ள அப்படி என்னதான் இருந்துடப் போகுது?” என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்பிய பொருள் உலகத்தில் கிடையாது. திரும்பப் பூட்டும்போது எப்படியும் இரண்டு திருகாணி மிஞ்சும். அதற்கும் விளக்கம் தயார்: “கம்பெனிக்காரன் ரெண்டு சேத்துதான் போடுவான். தொலைஞ்சா ஆகும்னு.”

பிஷ்கேக் நகரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எசென்பெக். தொழிலால் பல் மருத்துவர். அதனால் இவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத இரண்டு வசதிகள். ஒன்று, ஊசி முனை அளவுக் கருவிகள் கைவசம் ஏராளம். இன்னொன்று, எதிரே படுத்திருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பதால் இவருடைய கொள்கைகளை யாரும் மறுத்துப் பேசியதே இல்லை. கொள்கை என்ன? “நான் காசு குடுத்து வாங்கின பொருளை நான் திறக்க முடியலைன்னா அது என் பொருளே இல்லை!” கடைவாய்ப் பல்லில் துளையிட்டுக்கொண்டே இதைச் சொல்வார். நோயாளி “ஆ” என்பார். எசென்பெக் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொள்வார்.

கொள்கையில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் அவர் மனைவி சைக்கலின் துயரம். தப்பாகப் பேசுகிற கணவனைத் திருத்தலாம். சரியாகப் பேசிவிட்டு சலவை இயந்திரத்தைக் கெடுக்கிற கணவனை என்ன செய்வது? அவர் திறந்து மூடிய நாளிலிருந்து அந்த இயந்திரம் துணி பிழியும்போதெல்லாம் குளியலறையிலிருந்து கிளம்பிக் கூடத்துக்கு நடந்து வருகிறது. வீட்டிலிருப்பவர்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து வந்துவிட்ட விருந்தாளிகளும் பிடித்திருக்கிறார்கள்.

சைக்கல் ரொட்டி ஆலையில் மாவு சோதிக்கிறவர். பார்வை மங்கியதிலிருந்து நாவல் படிப்பதையே விட்டிருந்தார். தென்கொரியாவில் வேலை பார்க்கும் மகள் அய்பெரி மின்நூல் படிக்கிற இ-ரீடர் ஒன்றை அனுப்பிவைத்தாள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்று சைக்கலுக்குப் புது வாழ்வு பிறந்தது. மினிபஸ்ஸில் நின்றுகொண்டே படித்தார். மாவு புளிக்கும்வரை படித்தார். இப்போது மூன்று பாகத்தில் ஒரு பெரிய நாவல். ஒரு மாவு ஆலையும் அதன் சொந்தக்காரரின் மகள்கள் ராபியா முதலிய மூவரும்தான் கதை. கடைசி அத்தியாயத்துக்கு வந்தாயிற்று. சனிக்கிழமை தோழிகளின் வாசகர் வட்டம் அவர் வீட்டில். அந்த நாவலைப் பற்றிப் பேச வேண்டியவரும் அவரே.

இந்த நேரம் பார்த்து இ-ரீடரின் பேட்டரி நோயில் விழுந்தது. வாரக்கணக்கில் தாங்கிக்கொண்டிருந்தது, இப்போது காலையில் சார்ஜ் ஏற்றினால் மத்தியானம் மயங்கியது. சைக்கல் இந்தச் செய்தியைக் கணவருக்குத் தெரியாமல் மறைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு சார்ஜ் போட்டார். கணவர் அறைக்குள் வந்தால் கம்பியைத் தலையணைக்கடியில் தள்ளினார். வேறு பெண்கள் காதல் கடிதத்தை மறைப்பார்கள்.

ஆனால் இந்த இனத்தாருக்கு மூக்கு நீளம்.

“சைக்கல், நேத்தும் சார்ஜ் போட்டே. இன்னிக்கும் போடறே.”

“சும்மாதான்.”

“சும்மா யாராவது சார்ஜ் போடுவாங்களா? பேட்டரி போச்சா?” அந்த மலர்ச்சி!

“ஏங்க, உங்க கால்ல விழறேன். இன்னும் கொஞ்சம் பக்கந்தான் இருக்கு. முடிச்சுட்டுத் தரேன்.”

“அட, பேட்டரிதானே? டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுடலாம். இதுக்குள்ள அப்படி என்னதான்...”

சைக்கல் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்பக்கம் ஒரு திருகாணிகூட இல்லை. எல்லாம் பசை. “பார்த்தியா அயோக்கியத்தனத்தை! உள்ள போக வழியே வைக்கலை!” என்று மகிழ்ச்சியோடு கோபப்பட்டார் எசென்பெக். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினார். பல்லிடுக்கில் விடுகிற நூலை மூடியின் இடுக்கில் விட்டு இப்படியும் அப்படியும் அறுத்தார். மெல்லிய கொக்கியால் நெம்பினார். மயக்க ஊசிதான் போடவில்லை. ‘டப்’ என்று திறந்தது. உள்ளே உப்பிப்போன பேட்டரியை வெற்றிகரமாகப் பிடுங்கி, வழக்கம்போல் ஒரு சிறு தட்டில் வைத்து மனைவிக்குக் காட்டினார்.

அடுத்துத்தான் அந்த அதிசயம். திரையில் எழுத்து அப்படியே நின்றது!

“பேட்டரியே இல்லாம ஓடுது பார்!” என்று கூவினார்.

ஓடவில்லை. இந்தத் திரைகள் அப்படித்தான். கடைசியாகக் காட்டிய பக்கத்தை மின்சாரம் போனாலும் காட்டிக்கொண்டிருக்கும். பக்கம் புரளாது, அவ்வளவுதான். நின்ற பக்கமோ இப்படி முடிந்தது: ‘கதவு தட்டும் ஓசை கேட்டது. ராபியா விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் நின்றிருந்தது’

அவ்வளவுதான். நின்றிருந்தது யார்? ஓடிப்போன தங்கையா? செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கணவனா? சைக்கல் அந்தப் பக்கத்தைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்தார். வெங்காயம் நறுக்கும்போது படித்தார். பாத்திரம் கழுவும்போது படித்தார். ராபியா தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டே இருந்தாள்.

மகளுக்குப் போன் போட்டார். “அய்பெரி, புதுசா ஒண்ணு வாங்கிக்கிறேன். அந்தப் புத்தகத்தை மறுபடி இறக்கிக் குடுடீ.”

“அது வராதும்மா. நாம வாங்கின ஆன்லைன் கடையிலேருந்து அந்த நாவலையே எடுத்துட்டாங்க. விக்கிற உரிமை முடிஞ்சுதாம்.”

“நாமதான் காசு குடுத்து வாங்கியாச்சே!”

“வாங்கலைம்மா. படிச்சுக்க அனுமதி வாங்கியிருக்கோம். பொடி எழுத்துல போட்டிருக்கான். நானும் படிக்காமலே சம்மதம்னு தட்டிட்டேன். உன் கருவியில ஏற்கெனவே இறங்கினது மட்டுந்தான் மிச்சம். அதைப் பத்திரமா வெச்சுக்கோ... அப்பா கிட்டக்க எங்கேயும் இல்லையே?”

சைக்கல் போனை வைத்துவிட்டார்.

தோழி நுரிபா அல்மாட்டியில் தங்கை வீட்டில் அந்த நாவலைப் படித்து முடித்தவள். “இதுக்குப் போய்க் கவலைப்படறியே, வாசல்ல நின்னது யாருன்னு நான் சொல்லிடறேன்” என்றாள்.

“நுரிபா, வாயைத் திறந்தே, இந்த ஜென்மத்துல இந்த வீட்ல உனக்கு டீ கிடையாது!”

மறுநாள் கணவனும் மனைவியும் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். கருவி ஒரு பையில், மூடி இன்னொரு பையில். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் இரண்டையும் பார்த்தாள்.

“பைகே,” என்றாள், அண்ணன் முறை வைத்து, மிகுந்த மரியாதையோடு, “நீங்களே திறந்துட்டீங்க.”

“திறக்காம கொண்டுவந்திருந்தா பேட்டரி மாத்தியிருப்பியாம்மா?”

“இல்ல பைகே. பேட்டரி மாத்துற பழக்கமே இங்க கிடையாது.”

“அப்புறம் திறந்தா என்ன, திறக்காட்டி என்ன?”

“திறக்காம இருந்தா, வாரண்டி இருக்கு, ஆனா முடியாதுன்னு சொல்லியிருப்போம். இப்ப வாரண்டி இல்லை, அதனால முடியாது. புதுசு எடுத்துக்கங்களேன், விலையில கொஞ்சம் குறைச்சுத் தரோம்.”

எசென்பெக் மெதுவாகத் திரும்பினார். பின்னால் நீண்ட வரிசை. வாழ்நாளில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டிருக்கும் சபை அவருக்குக் கிடைத்திருந்தது.

“கேட்டீங்களா? என்கிட்ட ஒருத்தர் வர்றார். பல்லு ஆடுதுங்கிறார். நான் என்ன சொல்லணும்? ‘பல்லெல்லாம் மாத்துற பழக்கமில்லை, புதுத் தலை ஒண்ணு எடுத்துக்கங்க, விலையில குறைச்சுத் தரேன்’னா?”

வரிசை குலுங்கியது. தூசு உறிஞ்சும் இயந்திரத்தைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்த ஒருவர், “அப்படிப் போடுங்க பைகே!” என்றார். ஒரு பெண்மணி தன் கைப்பேசியை உயர்த்திக் காட்டித் தன் கதையைத் தொடங்கினார். கைதட்டல் எழுந்தது. மேசைப் பெண்கூடக் குனிந்து சிரித்தாள். எசென்பெக் ஒவ்வொருவருக்கும் தம் கிளினிக் முகவரியைக் கொடுத்துவிட்டு, தேர்தலில் ஜெயித்த மாதிரி வெளியே வந்தார். தெருமுனைப் பீப்பாயில் குளிர்ந்த மக்ஸிம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கோப்பை வாங்கி, புளித்த கூழை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“எப்படிப் பேசினேன்?”

“நல்லாத்தான் பேசினீங்க,” என்றார் சைக்கல். “பேட்டரி எங்கே?”

மீசையிலிருந்த கை அப்படியே நின்றது.

“ஊர் பூரா உங்களுக்குக் கைதட்டினாங்க. நான் அங்கே ராபியாவை வாசல்ல நிக்க வெச்சுட்டு வந்திருக்கேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாங்க. இத்தனை வருஷத்துல நீங்க திறந்த எதுக்காவது நான் அழுதிருக்கேனா?”

சைக்கல் அழுதுவிட்டார். எசென்பெக் கோப்பையைக் கீழே வைத்தார். மனைவி சண்டை போட்டுப் பார்த்திருக்கிறார். கிண்டல் செய்து பார்த்திருக்கிறார். சலவை இயந்திரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கிறார். இது புதிது. அவருக்கு வெட்கமாக இருந்தது. சைக்கலையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கிய இடம் தோர்தோய் சந்தை.

கண்டெய்னர் பெட்டிகளை அடுக்கிக் கடைகளாக்கிய அந்தச் சந்தையில் வரிசை வரிசையாக ஏறி இறங்கினார்கள். எங்கும் அந்தப் பேட்டரி இல்லை. கடைசியில் ஒருவன் தூசி தட்டி ஒரு பேட்டரியை எடுத்தான்.

“இது இதுக்குத்தானா?” என்றார் எசென்பெக்.

“இதுக்குத்தான்னு சொல்ல மாட்டேன் பைகே. இதுக்கில்லைன்னும் சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்ததும் சைக்கல் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் டார்ச்.

“பேட்டரியை மட்டும் மாட்டணும். வேற எதையும் தொடக்கூடாது.”

“சரி.”

“பளபளன்னு எது தெரிஞ்சாலும்.”

“சரிங்கறேனே!”

செருகும் முனை சற்றுப் பெரிதாக இருந்தது. அதைத் துளித்துளியாக இழைத்தார் எசென்பெக். அப்போது சைக்கல் கவனித்தார்: அந்தக் கைகள் ஆடவேயில்லை. ஊரே அந்தக் கைகளை நம்பி வாயைத் திறப்பது சும்மா இல்லை என்று தோன்றியது. அந்தப் பெருமை கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை.

“சைக்கல், இந்தச் சின்னத் தகடு எதுக்குன்னு ஒரே ஒருதரம்...”

“கையை எடுங்க!”

எடுத்தார். நம்புங்கள், எடுத்தார். பிறவிக் குணத்தோடு ஒரு மனிதன் நடத்திய போராட்டத்தில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியாது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. முனை உள்ளே போய் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினார். திரை ஒருதரம் கறுத்தது. வெளுத்தது. ராபியாவின் பக்கம் வந்து நின்றது.

சைக்கல் விரலால் தொட்டார். பக்கம் புரண்டது!

புதுப் பேட்டரி சற்றே தடிமன் என்பதால் மூடி உட்காரவில்லை. கோணல் பல்லைச் சீராக்கப் போடுகிற ரப்பர் வளையங்களைக் கோத்து எசென்பெக் இறுக்கிக் கட்டினார். சைக்கலுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஒரு பக்கம், இரண்டு பக்கம், வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“யாரு நின்னா?” என்றார் எசென்பெக்.

சைக்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“யாருன்னு சொல்லேன். தங்கச்சியா?”

“முதல் பாகத்துலேருந்து படிச்சாத் தெரியும்.”

சனிக்கிழமை வாசகர் வட்டம் அமர்க்களமாக நடந்தது. மேசை நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகள், மூன்று வகை ஜாம், நுரிபாவுக்கு டீயும் கிடைத்தது. ராபியா செய்தது சரியா தப்பா என்று தோழிகள் கூச்சல் போட்டுச் சண்டையிட்டார்கள். ஆனால் சைக்கல் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட இ-ரீடரைத் தேடினால், வைத்த இடத்தில் காணோம். உள்ளறையில் எசென்பெக், காலை நீட்டிக்கொண்டு, முதல் பாகத்தின் பாதியில்.

“குடுங்க இங்கே. எல்லாரும் காத்திருக்காங்க.”

“இரு இரு, ஆலையில தீப்பிடிச்சிருக்கு.”

“ஏங்க, அது யாரோட பொருள்?”

எசென்பெக் தலை நிமிராமல் கொள்கையை எடுத்து வீசினார்: “திறந்தவனுக்குத்தான் சொந்தம்!”

“திறந்தது நீங்க. மூட வெச்சது யாரு?”

பக்கம் மட்டும் புரண்டது. அன்று தோழிகள் எல்லோருமாக உள்ளறைக்கு எழுந்துபோய், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, முதல் பாகத்திலிருந்தே ஆளுக்கொரு பக்கம் என்று எசென்பெக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர் எதிர்ப்பே சொல்லவில்லை. பேசுவதற்கு ஒரு சபை கிடைத்தால் போதும் அவருக்கு. இப்போதெல்லாம் சைக்கல் கணவர் தூங்கும் நேரம் பார்த்துத்தான் படிக்கிறாராம்.

இப்படியும் மனிதர்கள் உண்டா என்று நீங்கள் புன்னகைப்பது தெரிகிறது. இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைக் காகிதத்தில் படித்தீர்களானால் பிழைத்தீர்கள். திரையில் படித்தீர்களானால், அந்தப் பசை விவகாரம் வந்த இடத்தில், கருவியை மெல்லத் திருப்பி, இதற்குத் திருகாணி எங்கே இருக்கிறது என்று ஒருதரம் பார்த்தீர்களே, அது எதற்கு?