ஏழாவது நிறுத்தம்

சந்தேகப் பிராணிகளுக்குத் தூக்கம் வராது என்றொரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. படித்தவர்களும் இதைச் சொல்லித் திரிவதால் இங்கேயே திருத்திவிடுவது நல்லது. தூக்கம் வராமல் புரளுகிறவர் உண்மையில் நம்புகிறவர்தான். வாசல் கதவைப் பூட்டியிருப்போம் என்று நம்பிப் படுத்துவிட்டு, படுத்த பிறகு யோசிப்பார். சந்தேகப்படுகிறவர் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, நான்காவது முறை மனைவியை இழுக்கச் சொல்லிப் பார்த்த பிறகே படுக்கைக்குப் போகிறார். அப்புறம் அவருக்கு என்ன கவலை? கவலையெல்லாம் அந்த மனைவிக்குத்தான்.

நம்முடைய லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அப்படி நிம்மதியாகத் தூங்குகிறவர். பெருநகரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடினாலும் வருடத்துக்கு ஒருமுறை அவர் வந்து ஏறி இறங்கிக் கையெழுத்துப் போட்டால்தான் அது தொடர்ந்து ஓடலாம். இந்த வேலையில் அவருக்கு இரண்டு கொள்கைகள். முதலாவது, காட்டுகிற இடத்தைப் பார்க்கக் கூடாது. கட்டடக்காரர்கள் கீழ்த்தளத்தையும் மேல்மாடியையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். இவர் உள்ளே ஏறியதும் ஏழாம் எண்ணை அழுத்துவார். ஏழாவது மாடியை யாரும் துடைத்து வைப்பதில்லை என்பது அவருடைய இருபது வருட அனுபவம். இரண்டாவது, குறையே இல்லாத லிஃப்ட் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. சரியாகப் பார்க்கப்படாத லிஃப்ட்தான் உண்டு.

இரண்டு கொள்கைகளையும் அவர் அலுவலகத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடையில் சோப்பு வாங்கினால் அடுக்கில் ஏழாவது சோப்பு. மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கினாலும் ஏழாவது பை. அதன் ஜிப் பாதியில் நின்றது. நின்றாலும் அது நேர்மையான ஜிப் என்று மனைவியிடம் விளக்கினார். மனைவி ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் கவனித்து வைத்துக்கொள்வது அவள் தொழில்.

அவளுக்கு ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்ததிலிருந்து வீட்டில் சிக்கல் ஆரம்பித்தது. அவளுடைய அண்ணன் அந்த ஊரில்தான் பல் டாக்டர். போன மாதம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் அண்ணன் வீட்டில் தங்கி நேர்முகத்தேர்வுக்குப் போய் வந்திருந்தாள். இன்ஸ்பெக்டரின் இலாகாவுக்கும் அங்கே ஒரு கிளை உண்டு, அதில் ஒரு இடமும் காலி. விருப்பக் கடிதம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

"அந்த ஊர்ல மொத்தம் எத்தனை லிஃப்ட் தெரியுமா? பதினெட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பதினெட்டையும் நல்லாப் பாருங்களேன். யார் வேண்டாங்கிறா?"

லிஃப்ட் மட்டும் காரணமில்லை. பெருநகரத்தில் ஏமாற்றுகிறவர்கள் தன்னை இன்னாரென்று தெரியாமலே ஏமாற்றுகிறார்கள், அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்பது அவர் கட்சி. சின்ன ஊரில் முதலில் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு அப்புறம் ஏமாற்றுவார்கள். இப்படி அரை மணி நேரம் பேசினார். அவள் ஒன்றரை வயது மகனுக்குச் சட்டை மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் இருப்பது பதினோராவது மாடி, இரண்டு அறை. காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் இரண்டு ரயில் மாறி வேலைக்குப் போய், இரண்டு ரயில் மாறித் திரும்புவாள். மகன் பகல் முழுவதும் காப்பகத்தில். ஐந்து வயது மகளுக்கு விளையாட்டு மைதானம் லிஃப்ட்தான்.

"நேத்து காப்பகத்துல அந்த ஆயாவைப் பார்த்து 'அம்மா'ன்னு கூப்பிட்டான்" என்றாள்.

"சின்னக் குழந்தை எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடும். என்னையே ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கான்."

"என்னை என்னன்னு கூப்பிடறான் தெரியுமா?"

"என்ன?"

"டாட்டான்னு."

இன்ஸ்பெக்டருடைய வாதம் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி அப்படியே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கடைசியில் மூன்று நாள் லீவு போட்டு அந்த ஊரை ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று. தகுதியில்லை என்று அவர் சொல்லிவிட்டால், இதைப் பற்றி இனிமேல் தான் வாயே திறப்பதில்லை என்று அவளாகவே சொன்னாள். ஏழு வருடத்தில் அவள் இப்படியொரு வாக்குறுதி தந்ததில்லை. அது வேறு அவருக்கு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை குடும்பத்தோடு போய் இறங்கினார்கள். மைத்துனர் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்று முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். அன்று பார்த்த ஊரே அப்படித்தான் சிரித்தது. ஆட்டோவில் மறந்து வைத்த குடையை ஆட்டோக்காரர் திரும்பி வந்து கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி போதுமா என்று கேட்டு, போதும் என்ற பிறகும் இரண்டு கொண்டுவந்து போட்டார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை ஒரு வகுப்புக்கு இருபத்திரண்டு பிள்ளைகள்தான் என்று ஜன்னல் ஜன்னலாகத் திறந்து காட்டினார். குழந்தை டாக்டர் மகனைக் கால் மணி நேரம் பார்த்தார். அவனுக்கு உடம்புக்கு ஒன்றுமேயில்லை.

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. இது துடைத்து வைத்த கீழ்த்தளம். யோசித்துப் பார்த்ததில் சூத்திரதாரியும் அகப்பட்டார். இந்த ஊரில் பாதிப் பேர் மைத்துனர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தவர்கள். மீதிப் பேர் இனிமேல் கிடக்க வேண்டியவர்கள். அவர் சிரிக்கச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

மாலை டீ குடிக்கும்போது மனைவியிடம் இதைக் கண்டிப்பான குரலில் தெரிவித்தார். அவள் சண்டைக்கு வருவாள் என்று பதில்களை வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாம் வீணாயிற்று.

"எனக்கும் ஒரு மாதிரிதாங்க இருக்கு. எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க" என்றாள்.

"பார்த்தியா?"

"நாளைக்கு நீங்க மட்டும் தனியாப் போய் ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க. அண்ணன் கூட வர வேண்டாம். ஆனா ஒண்ணு, வலது பக்கம் போற பஸ்ல ஏறுங்க. இடது பக்கம் போறது பழைய ஊருக்குப் போகும். அங்க பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் டார்ச் விளக்கும் குறிப்பேடுமாக இடது பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார். ஏழாவது நிறுத்தத்தில் இறங்கினார்.

நிறுத்தத்துக் கம்பம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு நாய் அவரைப் பார்த்ததும் குரைத்தது. இந்த ஊரில் தன் மனதில் இருப்பதை மறைக்காத முதல் ஜீவன் என்று அவருக்குக் கண் கலங்கியது. சைக்கிள் கடைக்காரரிடம் இந்தத் தெருவின் பெயர் என்ன என்று கேட்டார். கடைக்காரர் தலையைத் தூக்காமலே "எழுதியிருக்கும், பாருங்க" என்றார். எழுதியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு மனசு லேசாயிற்று. பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்தது. இரண்டு ஊஞ்சலில் ஒன்றுக்குப் பலகை இல்லை. இன்னொன்றுக்கு ஒன்பது பிள்ளைகள் வரிசையில் நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரி. குறிப்பேட்டைத் திறந்தார்.

அப்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து, தெருவைத் தாண்டி, எதிர்ச் சந்தில் ஒரு வீட்டுக்குள் போனாள். உள்ளிருந்து ஒரு குழந்தை கத்திக்கொண்டே ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அது என்ன சொல்லிக் கத்தியது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெளிவாகக் கேட்டது. டாட்டா இல்லை. குறிப்பேட்டில் எழுதுவதற்கு என்று எடுத்த பேனாவை எதற்கு எடுத்தோம் என்று கொஞ்ச நேரம் அவருக்கு மறந்துபோயிற்று.

திரும்பி நிறுத்தத்துக்கு வந்தபோதுதான் அந்தப் போர்டு கண்ணில் பட்டது. 'வீடு வாடகைக்கு. அவசரமில்லை.'

வீட்டுக்கார அம்மாள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் மூன்று நிமிடத்தில் துண்டித்துப் பழகியவர்.

"யாரு?"

"போர்டு பார்த்தேன்."

"பார்த்தா?"

"வீடு எப்படின்னு கேக்கலாம்னு…"

"சுமார்தான். கதவு மழைக்கு இறுகிக்கும். மணி ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. படியில வெளிச்சம் பத்தாது. காத்து ஒரு பக்கம்தான் வரும். பின்சுவர்ல ஈரம். இஷ்டமிருந்தா பாருங்க, இல்லாட்டி கேட்டைச் சாத்திட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் மெய்ம்மறந்து நின்றார். கதவு, மணி, வெளிச்சம், காற்று, சுவர்: இருபது வருடமாக அவர் நிரப்பிவரும் ஆய்வுப் படிவத்தில் கேள்விகள் இருக்கும் அதே வரிசை. ஒழுங்கான மூளை உலகத்தில் எங்கே இருந்தாலும் ஒரே வழியில்தான் ஓடும் என்று நினைத்துக்கொண்டார்.

டார்ச் அடித்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒரு குறை கூடப் பொய்யில்லை. ஆனால் குளியலறையில் விளக்கு இருந்தது, சுவிட்ச் இல்லை. பதினோரு நிமிடம் தேடினார். கடைசியில் அந்த அம்மாள் வந்து காட்டினார். பக்கத்து சாமான் அறையின் கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருந்தது.

"இதை யார் இங்க வச்சாங்க?"

"வச்சவர் போய்ச் சேர்ந்துட்டார்" என்று சொல்லிவிட்டு அம்மாள் போனார்.

'சுவிட்ச்: தெரியாதவர் நூறு வருடம் தேடினாலும் கிடைக்காது' என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார் இன்ஸ்பெக்டர். பிறகு பக்கத்தைத் திருப்பி, 'தகுதி உண்டு' என்று எழுதினார்.

மைத்துனர் வீட்டில் முடிவை அறிவித்தபோது மனைவி திடுக்கிட்டவள்போல் நிமிர்ந்தாள்.

"பழைய பக்கமா? அங்க ஏங்க?"

"உங்கண்ணன் காட்டின இடத்துல நான் குடியிருக்க மாட்டேன். நானே கண்டுபிடிச்ச வீடு. குறையெல்லாம் கண்ணுக்கு நேரா இருக்கு."

"மணி சரியா அடிக்காதுங்கறீங்க, சுவர்ல ஈரம்கறீங்க. அதுக்கு இப்ப இருக்கிற வீடே தேவலையே. நான் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"கூடாது. ஆய்வு முடியறவரைக்கும் சம்பந்தப்பட்டவங்க யாரும் இடத்துக்கு வரக் கூடாது. அது விதி."

மைத்துனருக்கு இருமல் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய், ஒரு ஸ்பூனின் பின்புறத்தில் தன்னுடைய பல்லை வெகு நேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சரிங்க, நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். குடும்ப வாழ்க்கையில் இவ்வளவு முழுமையான வெற்றி தனக்குக் கிடைத்ததாக இன்ஸ்பெக்டருக்கு ஞாபகமில்லை. அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. விருப்பக் கடிதத்தை அன்றைக்கே எழுதினார்.

அடுத்த மாதம் சாமான் வண்டி ஏழாவது நிறுத்தத்தருகே வந்து நின்றது. நாய் குரைத்தது. வீட்டுக்கார அம்மாள் கேட்டுக்கு அந்தப்பக்கமிருந்தே சாவியைக் கொடுத்து, எல்லோரையும் முதல்முறை பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இன்ஸ்பெக்டர் இடுப்பில் மகனும் கையில் சாவியுமாக முன்னே நடந்து, கட்டடக்காரர்கள் காட்டுகிற மாதிரியே வீட்டைக் காட்டிக்கொண்டு போனார். இது கூடம், இது சமையலறை, இதுதான் நான் சொன்ன ஈரம். மனைவி ஒவ்வொன்றையும் நின்று பார்த்து அப்படியா என்றாள். ஈரத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

குளியலறை வாசலில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க, இந்த லைட்டுக்கு சுவிட்ச் எங்கேன்னு கண்டுபிடி பார்க்கலாம். எனக்கே பதினோரு நிமிஷம் ஆச்சு."

அவள் சுவரைத் தடவினாள். கதவின் இந்தப்பக்கம் பார்த்தாள், அந்தப்பக்கம் பார்த்தாள். எட்டி மேலேயும் பார்த்தாள்.

"தெரியலையேங்க" என்றாள்.

"தேடு, தேடு. இப்பதான் ரெண்டு நிமிஷம் ஆயிருக்கு."

வண்டியில் வெகு நேரம் அடக்கிக்கொண்டு வந்த மகள் ஒற்றைக் காலில் குதித்தபடி கூடத்தைத் தாண்டி ஓடிவந்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே நுழைந்து, சாமான் அறைக்குள் போய், கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். அவள் குனிய வேண்டியிருக்கவில்லை.

குளியலறையில் விளக்கு எரிந்தது.