பாதி மீசைக்கு ஒரு முழு வக்கீல்

மதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் அடக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எழுதிவிடுகிறேன்: சுகம். மற்றதெல்லாம் கீழே.

முதலில் என் கண்ணில் பட்டது வக்கீலின் கைதான். அப்பா அவர் அறைக்குள் காலை வைத்தாரோ இல்லையோ, மேசைமேல் கிடந்த அந்தக் கை தானாக எழும்பிப் போய் மீசையை மூடிக்கொண்டது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்ததால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க முடிந்தது. உங்களைப் போனில் கூப்பிட்டு விவரம் சொல் என்றுதான் அம்மா சொன்னாள். போனைக் காதில் வைத்தால் எனக்கு 'ம்' என்பதைத் தவிர வேறு வராது என்பது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து பாதியில் நின்றுவிட்டவள் நான். எழுதுவதென்றால் மட்டும் கை நிற்காது. பஸ் டிரைவர் அண்ணன் மாலை வண்டியில் இதைக் கொண்டுவந்து தருவார்.

முதல் நாள் அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னதில் உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். நடந்தது இதுதான். நம் சலூனுக்கு பேண்ட் மாஸ்டர் வந்தார். வாத்தியக் கோஷ்டிக்கு முன்னால் கோல் வீசிக்கொண்டு நடப்பாரே, அவர்தான். அவருக்கு மீசைதான் பாதி உத்தியோகம். ஓரம் மட்டும் ஒதுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்தார். நான் வழக்கம்போல் கடைத் திரைக்குப் பின்னால் துண்டு துவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கத்தியை வைத்த நேரம், தெருக்கோடியில் அவருடைய ஆட்களே ஒத்திகை பார்க்கிறோம் என்று ஒரு பாட்டைக் கொலை செய்தார்கள். மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. "எவன்டா அது" என்று தலையை வெடுக்கென்று திருப்பினார். வலது பக்க மீசை அவர் மடியில் விழுந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு தெருவில் இறங்கி ஓடினார். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பாதி வேலையில் ஆளை அனுப்பிப் பழக்கமில்லாத அப்பா, "உட்காருங்க மாஸ்டர், இன்னொரு பக்கத்தையும் எடுத்துடறேன்" என்று கத்தியும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார். மார்க்கெட் வரைக்கும் ஓடினார். அதைப் பார்க்காதவர்கள் ஊரில் யாருமில்லை. ஆயுதத்தால் தாக்கினார், தெருவில் துரத்தி மிரட்டினார் என்று கேஸ் ஆகிவிட்டது. திங்கட்கிழமை முன்ஜாமீனுக்கு மனு போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் அப்பாவை உள்ளே வைத்துவிடுவார்கள், சலூனைப் பூட்ட வேண்டியதுதான், அப்புறம் நான் துவைக்கத் துண்டும் இல்லை, நாங்கள் சாப்பிட வழியும் இல்லை.

முதலில் பார்த்த வக்கீலை ஊரில் சத்த வக்கீல் என்பார்கள். மெதுவாகப் பேசினாலே மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளர் நடுங்கும். கையை மீசையிலிருந்து எடுக்காமலே கேட்டதால் அன்றைக்குச் சத்தம் கொஞ்சம் குறைவு. "இதுல என்னய்யா இருக்கு? கை தவறிடுச்சுன்னு ஒத்துக்க. முடிஞ்சுது." அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "யாரு கை?" "உன் கைதான்." "என் கை தவறாது சார். என் கத்தி நின்ன இடத்துலதான் நின்னுச்சு. அவர் மீசைதான் வந்து மோதுச்சு." வக்கீல் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாணப் படத்தைக் கழற்றி அப்பாவின் மடியில் வைத்தார். படத்தில் ஒரு கிருதா காதோடு நின்றிருந்தது, இன்னொன்று தாடையில் வந்து இறங்கியிருந்தது. "இதுவும் வந்து மோதினதுதானா?" என்று கேட்டார். அப்பா படத்தைத் தள்ளிப்பிடித்துப் பார்த்து, "அப்ப அதுதான் சார் ஃபேஷன்" என்றார். "உன் கை தவறும்னு நானே கூண்டுல ஏறிச் சாட்சி சொல்றேன்யா, என் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரேன்" என்று அவர் பழைய சத்தத்துக்கு வந்தபோது நாங்கள் படி இறங்கிவிட்டோம். குமாஸ்தா எங்களைத் தாண்டி ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்துவிட்டார். மரியாதைக்காக என்று நினைத்தேன். அவரும் நம் கடையில் முடி வெட்டிக்கொள்கிறவர்தான்.

மாமா, உங்களுக்கு இப்போது சிக்கல் புரிந்திருக்கும். கை தவறிவிட்டது என்று சொன்னால் அப்பா குற்றவாளி இல்லை, ஆனால் மோசமான கைக்காரர். தவறவில்லை என்றால் நல்ல கைக்காரர், ஆனால் ஜெயில். அப்பா ஜெயிலுக்குப் பெட்டி கட்டச் சொல்லிவிட்டார். "என்னங்க, ஊரே உங்களைப் பாத்து மீசையைப் பொத்திக்குது, இதுல கௌரவம் வேறயா" என்று அம்மா கேட்டதற்கு, "அது பயமில்லடி, பக்தி" என்கிறார்.

அடுத்தது, கொலைக் கேஸ் மட்டுமே எடுக்கும் பெரிய வக்கீல். அவர் அறையில் புத்தகங்கள் கூரையைத் தொடுகின்றன. உட்காரச் சொல்லவில்லை. கதையை ஆவலோடு கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் சோர்ந்துவிட்டார். "வெறும் மீசைதானா?" "ஆமா சார்." "கழுத்து வரைக்கும் போகலியா?" "இல்ல சார்." "கத்தி கையில இருந்துச்சு, கழுத்து பக்கத்துல இருந்துச்சு, அப்புறம் ஏன் நிறுத்தினே?" என்று அவர் வருத்தமாகக் கேட்டதும் அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். வாசலில் அப்பா சொன்னார்: "பெரிய மனுஷன்டி. தொழில்ல ஒரு ஈடுபாடு இருக்கு பாரு."

இதற்குப் பிறகுதான் நீங்கள் உங்கள் ஊர் வக்கீலை அழைத்து வருவதாகச் சொன்னீர்கள். ஆனால் இனி அலைய வேண்டாம் மாமா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. சைக்கிள் கடை மாடியில் ஒரு வக்கீல் புதிதாகக் குடிவந்திருக்கிறார். வழுக்கைத் தலை. ஆனால் தலையில் இல்லாததையெல்லாம் சேர்த்து வைத்ததுபோல் அருமையான மீசை. அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, பஞ்சர் ஒட்டும் வாசனை. அப்பா உள்ளே நுழைந்தபோது அவர் கை இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் முதலில் அம்மாவுக்கு நாற்காலி போட்டார். போலீஸ் கொடுத்த காகிதத்தை வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தார். ஜாமீன் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் முயற்சிக்கு உருப்படியான காரணம் இருக்கிறது என்றார். "முடியே இல்லாத ஆளை எப்படிடி நம்புறது" என்று அப்பா அம்மாவின் காதைக் கடித்தது அவருக்கும் கேட்டிருக்கும், சிரித்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்: "மாஸ்டர் எழுந்து போனப்ப வேலை முடிஞ்சிடுச்சா?" "இல்ல சார், பாதிதான்." "பாதியில எழுந்து போனது யாரு?" "அவர்தான்." "நீங்க எதுக்கு ஓடினீங்க?" "மீதியை முடிக்க." வக்கீல் பேனாவை மூடினார். "அப்ப இது தாக்குதல் இல்லைங்க, மீதி வேலை." அப்பா மேசையைச் சுற்றிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். மாமா, குற்றமும் போய், கையும் பிழைத்தது. வக்கீல் என்னைப் பார்த்து, "அவர் தலையைத் திருப்பினதை நீ பாத்தியாம்மா?" என்றார். நான் "ம்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். யாரும் என் 'ம்'மை அதுவரை எழுதிக்கொண்டதில்லை. திரும்பி வரும்போது அம்மா சிரித்தாள், அப்பா விசில் அடித்தார். நான் அவர்களுக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம், உங்கள் வக்கீலும் வர வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம். எங்கள் கவலை தீர்ந்ததுபோல உங்களுக்கும் எல்லாம் தீர்ந்து நன்றாக இருக்க வேண்டும்.

தங்கள் அன்பு மருமகள்.

பின்குறிப்பு: மாமா, உடனே வரவும், உங்கள் வக்கீலோடு. அவருக்கு மீசை இல்லாவிட்டால் ரொம்ப நல்லது. கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது புது வக்கீல் கடைக்கு வந்தார். நீதிபதி குறுக்கே கேட்டால் சொல்ல வேண்டும், நடந்ததை நடந்தபடியே காட்டுங்கள் என்று நாற்காலியில் சாய்ந்தார். "சீப்பை வெச்சுக் காட்டுங்களேன்" என்று அம்மா கெஞ்சினாள். அவர்தான், "இல்லம்மா, எல்லாம் அசலா இருக்கட்டும்" என்றார். அப்பா புதுக் கத்தியை எடுத்தார். வக்கீல் கண்ணை மூடி, "எவன்டா அது" என்று மாஸ்டரைப் போலவே வெடுக்கென்று திரும்பினார். ரொம்ப நன்றாகச் செய்தார். "பாத்தீங்களா சார், என் கத்தி நின்ன இடத்துலயே நிக்குது" என்றார் அப்பா ஆனந்தமாக. வக்கீல் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை, "புரியுது, புரியுது" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னாலிருந்து வந்து, சத்தம் வராமல் அந்தச் சுழல் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தேன்.