வத்தல் பொரிந்தால் கல்யாணம்

அந்த வருஷம் கொல்லிமலையில் தெய்வம் எண்ணெய்ச் சட்டிக்குள் குடியேறியிருந்தது. மலைமேல் பெரக்கரை நாடு என்ற ஊர்த்தொகுதிக்கு வந்து சேர்ந்த குப்புசாமியாரிடம் பேரைச் சொன்னால் போதும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வத்தல் ஒன்றைக் கொதிக்கிற எண்ணெயில் போடுவார். பொரிந்தால் நினைத்தது நடக்கும். சுருண்டால் தோஷம், கழிக்க ஒரு மூட்டை மிளகு; கொடுத்துவிட்டால் அடுத்த வத்தல் பொரிந்துவிடும். மலைக்கு நல்ல ரோடு வராவிட்டாலும் சாமியாருக்குக் கூட்டம் வந்துவிட்டது.

வரிசையில் அர்த்தனாரியும் நின்றார். யார் தெரியுமா? மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பிறந்து, பட்டணத்தில் ரசாயனம் படித்து, மைசூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தின்பண்ட விஞ்ஞானியானவர். வத்தல் ஏன் பொரிகிறது என்று ஆராய்ந்தே தலை வழுக்கையானவர்! உள்ளிருக்கும் துளி ஈரம் ஆவியாகி மாவை உப்ப வைக்கிறது, ஈரம் கூடினால் பொரியாது என்று எழுதிப் பட்டமும் வாங்கியவர். மலைக்கிழங்கில் மலிவான தின்பண்டம் செய்யச் சொல்லி சர்க்கார் அவரை அனுப்பியது. மைசூரில் பொரிந்த பண்டம் மலையில் பொரியவில்லை. விஞ்ஞானி என்ன செய்ய வேண்டும்? யோசிக்க வேண்டும். அது சிரமம். அதனால் சாமியாரிடம் வந்துவிட்டார்.

அவர் பேருக்குப் போட்ட வத்தலும் சுருண்டது. "தோஷம்!" என்றார் சாமியார். விஞ்ஞானி பவ்யமாகக் கையை நீட்டிக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டார். வெட்கக்கேடு!

அடுத்தது பெருமாயி. விடிந்தால் அவளுக்குக் கல்யாணம். எதற்கும் கேட்டுவிடலாமே என்று மாப்பிள்ளையின் அப்பா ராசப்பன்தான் இழுத்து வந்திருந்தார். வத்தல் பொரியவில்லை. ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"தோசமுள்ள புள்ள எங்க ஊட்டுக்கு ஆகாதுங்க. கல்யாணம் நின்னுபோச்சு."

"தோசத்தக் கழிக்க மிளகு ஏதுங்க? எல்லாம் கல்யாணத்துக்கே வித்துட்டமே!" என்று அவள் அம்மா இருசாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு போட்டுப் பாருங்க சாமி!" பெருமாயி அழுதபடி சாமியாரின் இடப்பக்கக் கூடையில் கை விட்டாள்.

"தெய்வத்துகிட்டப் பேரமா?" சாமியார் கையைத் தட்டிவிட்டார். வத்தல் அர்த்தனாரியின் காலடியில் விழுந்தது.

எடுத்தார். ஆராய்ச்சிக்கூடத்துப் பழக்கம், ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தார். இடப்பக்கக் கூடை ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. வலப்பக்கம் அடுப்போரம் ஒரு தகர டப்பா. மிளகு கொடுத்தவனுக்கு டப்பாவிலிருந்து, கொடுக்காதவனுக்குக் கூடையிலிருந்து! மலைப்பனியில் திறந்தே கிடந்த தன் பண்டமும் நினைவுக்கு வந்தது.

"அட மடையா!" என்றார். சாமியாரை அல்ல, தன்னைத்தான்.

"சாமி, இந்தப் புள்ள பேருக்கு டப்பாவுல இருந்து ஒண்ணு போடுங்க."

"தெய்வக் குத்தம்!"

"எம்மேல வரட்டுமுங்க. எனக்குத்தான் ஏற்கெனவே தோசம் இருக்குதே!"

அர்த்தனாரியே எடுத்துப் போட்டார். வத்தல் புஸ்ஸென்று பொரிந்தது.

"இப்ப சாமியார் பேருக்கு ஒண்ணு." கூடையிலிருந்து எடுத்துப் போட்டார். சுருண்டு படுத்துக்கொண்டது.

"ஐயையோ, சாமிக்கே தோசமுங்க!" என்று அலறினாள் இருசாயி.

"ஏனுங்கம்மா, ஊட்டுல வத்தல் பொரியலீன்னா என்ன சொல்லுவீங்க?"

"நமுத்துப் போச்சும்பேன்."

"இங்க மட்டும் தெய்வம் கோவிச்சுக்கிச்சா?"

இருசாயி கூடை வத்தல் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள். ராசப்பன் தலையைச் சொறிந்தார்.

பெருமாயி கண்ணைத் துடைத்தாள். "மாமா, உங்க பேருக்கும் கூடையில இருந்து ஒண்ணு போடட்டுங்களா?"

"வேண்டாங் கண்ணு! விடிகாலம் பொண்ணழைக்க வாரோம்."

கூட்டம் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் சாமியார் சட்டியை விட்டுவிட்டு அடிவாரத்துக்கு ஓட்டம் பிடித்திருந்தார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். எங்கே முடிந்தது? ஒருவர் ஓடிவந்து அர்த்தனாரியின் காலில் விழுந்தார். "நீங்கதான் நெசமான சாமி! எம் பேருக்கும் ஒண்ணு போட்டுக் குறி சொல்லுங்க!"

அர்த்தனாரி கையிலிருந்த கறுப்புக் கயிற்றை அறுத்து அடுப்பில் எறிந்தார்.

"வத்தலக் காயப்போட நம்ம எல்லாத்துக்கும் தெரியுதுங்க. மூளையத்தான் நமுக்க உட்டுட்டோம். பட்டம் வாங்குன என் மூளையே நமுத்துக் கெடந்துச்சு. எந்திரிங்க, மொதல்ல அத எடுத்து வெயில்ல போடுவோம்!"