ஊர் மாறிய பறவை

திருப்பூரில் எத்தனை பனியன் கம்பெனிகள் இருக்கின்றன என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் பனிக்கரடி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு சட்டை போட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அத்தனை கம்பெனிகளிலும் சேர்த்து ஒரே ஒருவர்தான். வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனியில், தைத்து முடித்த உடுப்பில் குறை தேடும் செக்கிங் டேபிளுக்கு அவர் தலைவர். அவரைவிடக் குளிரைப் பற்றி அதிகம் தெரிந்தவரும், அவரைவிடக் குளிரைக் குறைவாக அனுபவித்தவரும் இந்தப் பூமியில் கிடையாது. ஊட்டிக்குக்கூட அவர் போனதில்லை.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் ஜீயெஸ்ஸெம் அண்ணன். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற அளவு. மற்றவர்கள் துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும். அண்ணன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்து ஒரு தேய் தேய்ப்பார். "நூத்தி எம்பதுங்க" என்பார். தராசும் அதையே சொல்லும். ஒருமுறை தராசு நூற்று எழுபத்தாறு என்றது. தராசைப் பழுது பார்க்க அனுப்பினோம். பழுது தராசில்தான் இருந்தது.

அந்த இரண்டு விரல்களும் சும்மாவே இருக்காது. கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும் சாக்கில் பட்டு வேட்டியின் நுனியைத் தேய்த்துவிட்டு வருவார். பந்தியில் உட்கார்ந்தால் வாழை இலையைத் தேய்ப்பார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் காலரைப் பிடிப்பார். வேறு ஊரில் காலரைப் பிடித்தால் அதற்குப் பெயர் சண்டை. "நூத்தி முப்பதுங்க சார். கடைக்காரன் எவ்வளவுன்னானுங்க?" என்று கேட்பார். கடைக்காரன் ஒன்றும் சொல்லவில்லை, நிறம் பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன் என்று நான் சொன்னால் அன்று முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். மெர்ச்சண்டைசர் என்ற பெயரில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரிடமும் உள்ளூர் முதலாளியிடமும் மாறி மாறித் திட்டு வாங்குவது என் வேலை. அந்த இரண்டு திட்டுகளையும்விட இந்தப் பார்வை கொஞ்சம் கூடுதலாக வலிக்கும்.

இப்படிப்பட்டவருக்குத் துருவத்து விலங்குகள் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவருடைய மகள். ஒரே மகள். அவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது தாய் தவறிவிட்டார். சடை பின்னுவதிலிருந்து நர்சிங் படிப்பு வரை அண்ணன் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டார். பொங்கலூர்ப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளைக்கு நார்வே நாட்டில் வேலை. நார்வே என்றால் அதன் உச்சந்தலையில் ஓர் ஊர். அங்கே குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டியே பார்க்காதாம். அவளும் அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்தாள். முதலில் பாஷைப் பரீட்சை, அப்புறம் லீவு கிடைக்கவில்லை, அப்புறம் மறுபடியும் பரீட்சை. நாலு வருஷம் ஆகியும் அவளால் ஒரு தடவைகூட ஊருக்கு வர முடியவில்லை.

அவ்வளவு குளிரில் ஆள் எப்படிப் பிழைப்பது என்று விசாரிக்க அண்ணனுக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. அதனால் விலங்குகளை விசாரிக்கப் போனார். சாப்பாட்டு வேளையிலும் டீ நேரத்திலும் போனில் ஓயாமல் வீடியோ பார்ப்பார். மனிதர்கள் அந்த ஊரில் வாழ்வதைப் பார்க்கலாமே என்று நான் கேட்டதற்கு, "மனுசன் கோட்டு வாங்கிப் போட்டுக்குவானுங்க. அதுக கடைக்கே போகாம காலந்தள்ளுதுக. அதுகளக் கேக்கறதுதானுங்க மொறை" என்றார்.

பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவர். பங்குனி வெயிலில் தகரக் கூரையின் கீழே, பஞ்சுத் தூசி பறக்கும் ஃபேன் காற்றில் பாடம் நடக்கும். "பனிக்கரடி டபுள் லேயருங்க. மேல நீள முடி, தண்ணி ஒட்டாது, ஒரு ஒதறு ஒதறுனாப் போதும். உள்ள பொசுபொசுன்னு பிளீஸுத் துணியாட்டம் குட்டை முடி. அதுக்கும் உள்ள தோலு கருப்பு, தோலுக்கடியில நாலு விரக்கடைக் கொழுப்புங்க" என்பார். துருவ நரிக்குக் காது ஏன் சின்னது, அது சுருண்டு படுத்து வாலையே போர்வையாக இழுத்துக்கொள்வது எப்படி, கலைமானின் முடி உள்ளே குழாய் மாதிரி காலியாக இருந்து காற்றைப் பிடித்துவைப்பது எப்படி என்று எல்லாம் வரும். கடற்பறவை பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நிற்கும் ரகசியத்தை அவர் சொன்ன அழகுக்குச் சாயப்பட்டறைக்காரர்களே கை தட்டினார்கள். பட்டறையில் வெளியேறும் சுடுதண்ணீரின் சூட்டை உள்ளே வரும் பச்சைத் தண்ணீருக்கு மாற்றிவிடுவார்கள் அல்லவா, அதே ஏற்பாடு பறவையின் காலில் இருக்கிறதாம். கீழே இறங்கும் ரத்தம் தன் சூட்டை மேலே ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுமாம்.

டேபிளில் பாதிப் பெண்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் புரிவதற்காகக் கரடிக்கு அவர்கள் மொழியில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, 'பாலு' என்றே சொல்ல ஆரம்பித்தார். இது பக்கத்துத் தையல் பிரிவுக்கு அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தது. பாலு உடம்பெல்லாம் முடி, பாலு மாதக்கணக்கில் சோறில்லாமல் கிடப்பான், பாலு பச்சை மீனையும் கடல்நாயையும் அப்படியே தின்பான் என்றெல்லாம் கேட்டு, அது நார்வே மாப்பிள்ளையின் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு தையல்கார அம்மா என்னிடம் வந்து, "ஏனுங் சார், நல்லா விசாரிச்சுக் குடுத்திருக்கலாமுங்களே அந்தப் புள்ளைய" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு ஜீவனைப் பற்றி மட்டும் அண்ணன் பேசமாட்டார். ஆலா என்று ஒரு பறவை. வட துருவத்தில் குஞ்சு பொரித்து, தென் துருவம் வரை பறந்து போய், அடுத்த வருஷம் மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிடும். அந்த வீடியோ வந்தால் விரலால் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டேன். "அது வருசா வருசம் பொறந்த ஊட்டுக்கு வந்துருதுங்க சார். நமக்கு ஆகாதுங்க அந்தக் குருவி" என்றார்.

இந்த நேரத்தில்தான் எனக்கு அந்த ஆர்டர் வந்து சேர்ந்தது. குளிர் தேசத்துக் குழந்தைகள் தூங்கும்போது போடும் உடுப்பு. நெஞ்சில் பனிக்கட்டி மேல் ஒரு பனிக்கரடியும் ஒரு பெங்குவினும் தோளில் கை போட்டு நிற்கும் படம். ஷிப்மெண்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது செக்கிங் டேபிளில் வேலை நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. ஓடினேன். செக்கிங் சீட்டில் ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு என்று குறைகளுக்கெல்லாம் கட்டம் இருக்கும். 'மற்றவை' என்ற கட்டத்தில் அண்ணன் தன் மணி மணியான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'ஊர் மாறிய பறவை'. அத்தனை உடுப்பும் ரிஜெக்ட்.

"பெங்குவின் தென் துருவமுங்க சார். கரடி வட துருவம். ரெண்டும் சென்மத்துல ஒண்ண ஒண்ணு பாத்துக்காதுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இதைப் போட்டுக்கொண்டு தூங்கும் குழந்தை எழுந்து வந்து கேஸ் போடப் போகிறதா என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான். அவர் கோபப்படவில்லை. படத்தில் இருந்த பெங்குவினை இரண்டு விரலாலும் மெல்லத் தேய்த்தார்.

"கேஸுக்குச் சொல்லலீங்க சார். அது ஒண்ணு மட்டும் அங்க போயி நிக்குது பாருங்க. அதுக்கு அந்த ஊர்ல ஆருமே இல்லீங்க."

நான் பையருக்கு மெயில் அனுப்பினேன். எங்களுக்கும் தெரியும், குழந்தைகளுக்கு இரண்டும் பிடிக்கும், அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்பினோம். அந்தச் சீட்டை மட்டும் கிழித்துப் போட மனம் வராமல் என் மேஜை டிராயரில் போட்டுவைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் என்னிடம் அனுமதி கேட்டு வந்தார். முப்பது வருஷமாகக் குளிர் தேசத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பனியன் அனுப்புகிறோம், என் பிள்ளைக்கு ஒன்று அனுப்பவில்லை என்றார். மகளுக்கு ஓர் உள்சட்டை தைக்க வேண்டும். மாதிரி எடுத்தது கஸ்தூரி எருதிடமிருந்து. வெளியே தரை தொடும் முடி, உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் நிற்கும் காற்று என்று அந்த எருது புயலையே தாங்குமாம். அதன்படி மேலே நெருக்கமான பின்னல், உள்ளே பிரஷால் தேய்த்துப் பொசுபொசுப்பாக்கிய துணி. அளவு கேட்டதற்கு மகள் திருப்பூர்க்காரி என்பதை நிரூபித்தாள். மார்பு, தோள், கைக்குழி என்று முழு அளவுச் சார்ட்டே அனுப்பியிருந்தாள்.

பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் வெட்டும்போதே கொஞ்சம் கூட்டி வெட்டுவது இந்த ஊரின் பாலபாடம். மகளுக்குப் போன பிறகு ஒரு நூலளவுகூடச் சுருங்கக் கூடாது என்று அண்ணன் துணியை முன்கூட்டியே இரண்டு முறை துவைத்துச் சுருக்கி எடுத்தார். அப்புறம், முப்பது வருஷப் பழக்கத்தில், சுருக்கத்துக்கு என்று கூட்டியும் வெட்டிவிட்டார். மகள் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே கூட்டினார்.

சட்டை போய்ச் சேர்ந்ததும் மகள் அதைப் போட்டுக்கொண்டு வீடியோவில் வந்தாள். செக்கிங் டேபிளே போனைச் சுற்றி நின்றது. வயிற்றுப் பக்கம் ஒரு கோழியை ஒளித்து வைக்கலாம், அவ்வளவு இடம். "கொஞ்சம் லூசுங்கப்பா. பரவால்லீங்கப்பா" என்று அவள் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. உடம்போடு காற்று நின்றால்தான் சூடு, இப்படிப் புகுந்து வெளியேறினால் குளிர்தான் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன்பின் பல நாள் அவர் என் காலரைப் பிடிக்கவில்லை. துணியைத் தராசில் வைத்து எடை பார்த்தார். எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மூன்று நான்கு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மகள் கூப்பிட்டாள். அதே சட்டை.

"அப்பா, இப்பச் சரியா இருக்குதுங்கப்பா."

"தொவச்சுச் சுருங்கிருச்சா கண்ணு? சுருங்காதே. ரெண்டு தண்ணி அலசுன துணியாச்சே."

"சட்ட சுருங்கலீங்கப்பா. நாந்தான் பெருத்துட்டேன்."

டேபிளில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தமிழ் தெரியாத ஒடிசாப் பெண்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது. குலவைச் சத்தம் முதலாளி அறை வரை கேட்டது. அண்ணன் மட்டும் துணி எப்படிச் சுருங்கியிருக்கும் என்று இன்னும் யோசித்துக்கொண்டு நின்றார். யாரோ காதில் சொன்னார்கள். போனின் மேல் அந்த இரண்டு விரல்களையும் வைத்தார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். தாயும் இல்லை, மகளால் வரவும் முடியாது. அண்ணன் நேராக என்னிடம் வந்து மூன்று மாதம் லீவு கேட்டார். முதலாளியிடம் கூட்டிப்போனேன். ஆம்பிளை போய் என்ன பிரசவம் பார்ப்பது என்று அவர் சிரித்தார். அண்ணன் பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"தென் துருவத்துல பெங்குவின் இருக்குதுங்க மொதலாளி. முட்டைய விட்டுட்டு அம்மாக்காரி கடலுக்குப் போயிருமுங்க. அப்பங்காரன்தான் ரெண்டு மாசம் அன்னந்தண்ணி இல்லாம, முட்டையக் காலு மேல வெச்சு, வகுத்துல மூடிக்கிட்டு நிப்பானுங்க. நானும் நின்னுக்குவனுங்க."

முதலாளி சிரிப்பதை நிறுத்திவிட்டு லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். டேபிள் பெண்கள் ஒரு மாதம் பாடம் எடுத்தார்கள். பத்திய ரசம், பூண்டுக் குழம்பு, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றையும் அண்ணன் ஒரு செக்கிங் சீட்டில் எழுதிக்கொண்டார். கிளம்பும் நாளில் எங்கள் வெயிலில் மூன்று அடுக்கு உடுப்போடு வேர்த்து வழிய கம்பெனி வாசலில் நின்றார். டிராயரிலிருந்த அந்தப் பழைய சீட்டை எடுத்து, 'ஊர் மாறிய பறவை' என்று எழுதியிருந்த கட்டத்தின் மேல் 'பாஸ்' முத்திரை குத்தி அவர் கையில் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுச் சட்டையின் எல்லா அடுக்குக்கும் உள்ளே வைத்துக்கொண்டார். "அது இனி ஒத்தையில நிக்காதுங்க சார்" என்றார்.

பேத்தி பிறந்து இப்போது ஐந்து வாரம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தார். பின்னால் ஜன்னல் முழுவதும் பனி. மடியில் அந்த லூசுச் சட்டையில் சுற்றிய குழந்தை. அதன் கன்னத்தை இரண்டு விரலாலும் தொட்டுக்கொண்டிருந்தார். எத்தனை ஜி.எஸ்.எம். அண்ணா என்று கேட்டேன். "தெரியலீங்க சார்" என்றார். நான் அவரிடமிருந்து அந்தப் பதிலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

விசா முடிய இன்னும் சில வாரம் இருக்கிறது. மகள் நீட்டித்துத் தரச் சொல்லி மனுப் போட்டிருக்கிறாளாம். கிடைக்கட்டும். நான் இந்தத் தீபாவளிக்கு ஒரு நீலச் சட்டை எடுத்தேன். அது எத்தனை ஜி.எஸ்.எம். என்று எனக்கு இன்னும் தெரியாது. தராசு அடுத்த அறையில்தான் இருக்கிறது. அவர் வந்து காலரைப் பிடிக்கட்டும் என்று பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.