விதி பதினாலும் ‘போய்ட்டு வரேன்’ என்ற சொல்லும்

கலாசாலையை விட்டு விலகும் மாணவன் அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவன் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, பதிவேட்டில் எழுத வேண்டும். மலாயா மகோன்னத வர்த்தகக் கலாசாலையின் பதினாலாம் விதி இது. நல்ல விதிதான். இதில் ஒருவன் மாட்டிக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நான் ஏன் கடல் தாண்டி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி டைப்பும் சுருக்கெழுத்தும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் 1934-ஆம் வருஷம் எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ‘வெளிநாட்டுப் படிப்பு’ என்றார்கள். எதிர்வீட்டு வாசு கொழும்பில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து, காலுறை போட்டுக்கொண்டு இலை முன் உட்கார்ந்தான். அதைப் பார்த்த நாள் முதல் என் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஃபிட்டராக இருந்த ரெங்கசாமி மாமா வீட்டுக்குக் கப்பலேற்றிவிட்டார். ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மகோன்னதக் கலாசாலை என்பது ஒரு வெற்றிலைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஆறு டைப்ரைட்டர். நாகப்பட்டினத்தில் இரண்டு தெரு தள்ளி இருந்த அதே கம்பெனி மிஷின்தான். இங்கே ஒன்றில் ‘ஆர்’ விழாது, அதுதான் வெளிநாட்டுப் படிப்பு. பிரின்ஸிபாலை யாரும் கண்டதில்லை, அவர் கையெழுத்து மட்டும் வரும். மற்றதெல்லாம் பெரிய கிராணி கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில். பொய் சொல்லமாட்டார், கைநீட்டி எதுவும் வாங்கமாட்டார், ஒருவருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதரிடம் சிக்கினால் தப்பிக்க வழியே கிடையாது.

பருவம் முடிந்தது. வியாழக்கிழமை பிற்பகல் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல். நாகப்பட்டினத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை காத்திருந்தது. கலாசாலையின் விடுகைப் பத்திரத்தோடு வந்தால் வேலை எனக்கு, வராவிட்டால் அடுத்தவனுக்கு. கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஆகவே திங்கட்கிழமை காலை பெரிய கிராணியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

“சொல்லும் கன்னையா,” என்றார், பேனாவை மையில் தோய்த்தபடி. “விதி பதினாலு. உம்முடைய வாயாலை சொல்லும்.”

“படிப்பு முடிஞ்சுதுங்க சார். ஊருக்குப் போய்ட்டு வரேன்.”

பேனா கடைசி எழுத்து வரை ஓடியது. பிறகு அவர் தலை நிமிர்ந்தது.

“எப்ப வாறீர்?”

“எங்கங்க?”

“இங்கைதான். போய்ட்டு வரேன் எண்டு சொன்னீர். வாறவனுக்கு விடுகைப் பத்திரம் குடுக்கேலாது தம்பி. வாறவனுக்கு லீவு.”

“சார், அது சும்மா சொல்றதுங்க. நான் வரமாட்டேன்.”

“அப்ப பதிவேட்டிலை பொய் சொன்னீரோ?”

“ஐயோ, பொய் இல்லைங்க.”

“அப்ப வாறீர்.”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் எழுதிவிடுவார் என்று ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

கார்த்திகேசு இரக்கமானவர். அவரே வழி சொன்னார். எழுதியதை அழிக்கக் கூடாது. ஆனால் இரண்டாவதாக ஒரு வாய்மொழி கொடுக்கலாம். எனக்குப் பதினேழு வயது, ஆகையால் வீட்டுப் பெரியவர்கள் இருவர் சாட்சியாக நின்று கேட்க வேண்டும். “அவையளுக்கு முன்னாலை ‘போறேன்’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானே என்று வீட்டுக்குப் போய் பவுனம்மாள் அத்தையிடம் சொன்னேன். அத்தை கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

“என்னாது? கடல் மேல போற புள்ள வாயால ‘போறேன்’னு சொல்லணுமா? எந்தக் கட்டையில போறவன் சொன்னான் அப்படி?”

“ஒரு சொல்லுதான் அத்தை.”

“ஒரு சொல்லுதான்டா! போன வருஷம் தம்புசாமி அண்ணன் காய் வாங்கப் பாசாருக்குக் கெளம்பறப்ப ‘போறேன்’னுட்டுப் போனாரு. என்னாச்சு தெரியுமா?”

“என்னாச்சு?”

“கால் பெசகி ரெண்டு மாசம் படுத்த படுக்கை.”

பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமா, “அது வாழப்பழத் தோலுல வழுக்குனது,” என்றார்.

“தோலு தெனமும் கெடக்குது. அன்னிக்கு மட்டும் ஏன் வழுக்குச்சு?”

மாமா பத்திரிகையைத் திருப்பினார். இருபது வருஷக் குடித்தனத்தில் கற்றது அது.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு மாமா வந்தார். அத்தையும் வந்தாள். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் வந்தாள். நடு வழியாக வேறு சொல் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று மாமா பேச்சுவார்த்தை தொடங்கினார்.

“பையன் ‘புறப்படுறேன்’னு சொல்லட்டுங்களே?”

“புறப்படுறது தொடக்கம். முடிவு எங்கை? கிள்ளானுக்கும் புறப்படலாம், குளிக்கவும் புறப்படலாம்.”

“கெளம்புறேன்?”

“தூசியும் கிளம்பும் ஐயா. பிறகு அங்கையே படியும்.”

மாமா நெற்றியைத் தடவினார். “விடைபெறுகிறேன்? நல்ல தமிழுங்க.”

“பெறேலாது,” என்றார் கார்த்திகேசு உடனே. “விடைத்தாள் எல்லாம் கலாசாலைச் சொத்து. வெளியிலை குடுக்கிறேல்லை.”

எனக்குப் பொறுமை அவ்வளவுதான். இரண்டு நாளில் கப்பல். மேஜையில் கையை அடித்து, “போறேன் சார்! போறேன்! போயே போறேன்!” என்று கத்தினேன். கீழே வெற்றிலைக் கடையில் பேச்சு நின்றது.

கார்த்திகேசுவின் முகம் மலர்ந்தது. மூன்று முறை எழுதினார். “அருமை. சாட்சியள் கேட்டனீங்கள்தானே?”

அத்தை இரண்டு காதிலிருந்தும் விரலை எடுத்தாள். “எதைங்க?”

“தம்பி இப்ப சொன்னதை.”

“எனக்கு ஒண்ணும் காதுல விழலிங்க.”

“ஐயா?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். இரவுச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டார் போல. “பட்டறையில சுத்தியல் சத்தத்துலயே இருக்கிறவன் நான். காது அவ்வளவா…” என்று இழுத்தார்.

இரண்டாவது வாய்மொழி சாட்சியில்லாமல் செத்தது.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு எனக்குப் பிரிவுபசாரம். அந்த வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸில் பிரிவுபசாரம் இல்லாமல் யாரும் நகர முடியாது. அதே ஊருக்குள் செந்தூலுக்கு வீடு மாறியவருக்கு மாலை போட்டார்கள். இருபது மைலில் இருக்கும் கிள்ளானுக்கு மாற்றலான கபிரியேல் மாஸ்டருக்குத் தேநீர் விருந்தும் குரூப் போட்டோவும் நடந்தது. அவர் ஒவ்வொரு ஞாயிறும் வந்துவிடுவதால், அடுத்தவர் பிரிவுபசாரங்களில் எல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டார். இதற்கென்றே ஒரு கழகம் இருந்தது. அதன் செயலாளர் நம் கார்த்திகேசுதான்.

ஊதா மையில் அச்சடித்த உபசாரப் பத்திரத்தை அவரே எழுந்து வாசித்தார். நான் மூன்று மாதம் டைப் அடித்ததை வைத்து என்னைக் கலைக்கடல் என்றார். ‘எம்மையெல்லாம் ஆறாத் துயரில் ஆழ்த்தி, ஒரேயடியாகப் பிரிந்து செல்லும் அரும்பெருஞ் செல்வரே’ என்ற இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜக் கண்ணீர்.

நான் எழுந்துவிட்டேன்.

“சார், நான் ஒரேயடியாப் பிரிஞ்சு போறேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. முப்பது பேர் கேட்டிருக்காங்க. பத்திரம் குடுங்க.”

“தம்பி, இது கழகம். அது ஆபீஸ். நீர் போறது கழகச் செயலாளருக்குத் தெரியும். ஆபீஸ் கிராணிக்கு இன்னும் தெரியாது.”

“ரெண்டு பேரும் நீங்கதானே சார்?”

“ஓம். ஆனா ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதேல்லையே.”

“அப்ப எழுதுங்க!”

எழுதினார். வியாழக்கிழமை காலை ஏழரைக்கே ஆபீஸைத் திறந்து, செயலாளராகக் கடிதம் எழுதி, உபசாரப் பத்திரத்தையும் இணைத்து, உறையில் போட்டு ஒட்டினார். எழுந்து மேஜையைச் சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். பெரிய கிராணியாக அதைப் பிரித்து முத்திரை குத்தினார். முதல் வரியிலிருந்து புதிதாகப் படிப்பவர் போலப் படித்தார். ‘ஒரேயடியாகப் பிரிந்து’ என்ற இடத்தில் தலையசைத்தார். எனக்கு உயிர் வந்தது. கடைசி வரிக்கு வந்தார். தலை நின்றுவிட்டது.

“இதென்ன தம்பி?”

எட்டிப் பார்த்தேன். ‘சென்று வருக! சென்று வருக!’ என்று இருந்தது. கீழே முப்பது கையெழுத்து. முதல் கையெழுத்து ரெங்கசாமி மாமா.

“முப்பது பேர் உம்மை வரச் சொல்லியிருக்கினம். அதுவும் ரெண்டு தரம்.”

“நீங்க எழுதினதுதானே சார் அது!”

“செயலாளர் எழுதினது,” என்று என் மேல் மிகுந்த வருத்தத்தோடு சொல்லி, மூன்று மாத லீவுச் சீட்டில் முத்திரை குத்தினார்.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் அத்தை முறுக்கு டின்னோடு நின்றாள். அவளிடம் பேசக்கூடாது என்று வைராக்கியத்தோடுதான் ஏறினேன். வண்டி நகர்ந்ததும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்தினாள். என் வாய் தானாகத் திறந்தது.

“போய்ட்டு வரேன் அத்தை!”

“மகராசனா வா!” என்று அவள் கத்தியது கடைசிப் பெட்டி வரை கேட்டிருக்கும்.

நாகப்பட்டினத்தில் ஏஜெண்டு என் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இதுல நீ இன்னும் மலாயாவில படிச்சிட்டிருக்கறதா இருக்கே. முடிச்சுட்டு வாப்பா,” என்றார். வேலை வாசுவுக்குப் போயிற்று. காலுறையோடு போய்ச் சேர்ந்தான்.

அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பையன் வெளிநாட்டுல படிக்கிறான். லீவுக்கு வந்திருக்கான்,” என்று தெருவெல்லாம் சொன்னார். முத்திரை வேறு இருந்ததா, கேட்கவா வேண்டும்! லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே அவரே கொண்டுவந்து கப்பலேற்றினார்.

சீட்டில் எழுதிய தேதியன்று மகோன்னதக் கலாசாலைப் படியேறினேன். கார்த்திகேசு பதிவேட்டைத் திறந்து, என் பெயருக்கு எதிரே ‘வந்தார்’ என்று எழுதி, “சொன்ன சொல்லுத் தவறாத பிள்ளை,” என்றார். லீவில் போனவன் குறித்த நாளில் திரும்பியது கலாசாலைச் சரித்திரத்தில் முதல் முறையாம். அந்த யோக்கியதைக்காகவே என்னைச் சின்னக் கிராணியாக வைத்துக்கொண்டார்.

டிசம்பரில் அவருக்கு ஓய்வு. வேறு ஆள் இல்லாததால் அவர் நாற்காலி எனக்கு என்று பிரின்ஸிபால் கையெழுத்து வந்துவிட்டது. பிரிவுபசாரம் நடந்தது, போட்டோ எடுத்தார்கள், கபிரியேல் மாஸ்டர் கேக் சாப்பிட்டார். கடைசியில் கார்த்திகேசு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சிப்பந்திகளுக்கும் விதி பதினாலு உண்டு.

பேனாவை மையில் தோய்த்தேன். “சொல்லுங்க சார். உங்க வாயாலேயே.”

இருபத்தேழு வருஷம் இந்தச் சொல்லைக் கேட்டு எழுதியவர். என்ன சொல்ல வேண்டும் என்று உலகத்தில் அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது. ஆறு டைப்ரைட்டரையும் ஒருமுறை பார்த்தார். ‘ஆர்’ விழாததைக் கையால் தடவினார். தொண்டையைச் செருமினார்.

“அப்ப சரி தம்பி,” என்றார். “போயிட்டு வாறன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் நாற்காலியைப் பார்த்தேன். கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். அத்தை செய்தாள், மாமா செய்தார்.

ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து வணக்கம் சொன்னேன்.